ஒரு முழு நிமிடம்

குழந்தை விழிப்பதற்குள் எண்ணிவிட வேண்டும்.
தொட்டால் அழும். அழுதால் கணக்குப் போச்சு.
அதனால் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று
சட்டையை மட்டும் மெல்லத் தூக்கி
வயிற்றைப் பார்க்கிறேன்.
எழுகிறது, ஒன்று.
எழுகிறது, இரண்டு.

பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்களும் உண்டு.
எட்டு மாதத்தின் மூச்சு வாய்ப்பாட்டுக்கு வராது.
நடுவில் நிற்கும், எதையோ யோசிக்கும்,
பிறகு விட்டதையும் சேர்த்துக்கொண்டு ஓடும்.
முழு நிமிடம் நின்றாக வேண்டும்.
நொடிமுள் இல்லாத கடிகாரம்
எனக்கு வெறும் வளையல்.

எழும்பூர் ஸ்டேஷனில் ஏதோ ஒரு வண்டி
நீளமாய் ஊதுகிறது. முப்பத்தொன்பது.
பக்கத்துக் கட்டில் பாலுக்குச் சிணுங்குகிறது. ஐம்பத்திரண்டு.
"சிஸ்டர், டிரிப்ஸ் நின்னுபோச்சு."
திரும்பாமல் கையை மட்டும் காட்டுகிறேன், இருங்க.
அறுபத்தெட்டு.

மூக்கின் இரு மடலும் அடித்துக்கொள்கின்றன.
விலா இடுக்கில் தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது,
யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல.
நெஞ்சில் விரலை அழுத்தி எடுக்கிறேன்.
வெளுத்த வட்டத்துக்கு ரத்தம் திரும்பிவர
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
எழுதும்போது சின்ன எண்தான்.
நின்று பார்த்தால் தெரியும் அதன் நீளம்.

நாகவல்லி காசிமேட்டில் இருந்து வந்தவள்.
ஐஸ் உடைத்த விரல்களால் அவன் பாதத்தைப் பிடித்திருக்கிறாள்.
"மெடிக்கல்ல சிரப்பு வாங்கி ஊத்துனேன் சிஸ்டர்.
நேத்து பூரா கத்தினே இருந்தான்.
இன்னிக்குக் கத்தல.
அதான் தூக்கினு வந்துட்டேன்."

கத்துகிற பிள்ளையிடம் நடந்து போகலாம்,
கத்தாத பிள்ளையிடம் ஓட வேண்டும்.
இதை நாங்கள் காலேஜில் படித்துப் பாஸானோம்.
இவள் ஷேர் ஆட்டோவிலேயே தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

ஆக்ஸிஜன் வைத்தோம். ஊசி போட்டோம்.
தளிர்க் கையில் நரம்பு கிடைக்க மூன்று குத்து.
மூன்றாவதற்கு மட்டும் லேசாக முகம் சுளித்தான்.

மணி மூன்று. மறுபடி நிற்கிறேன்.
நாற்பது.

"தூங்கிட்டான். மூச்சு நல்லா வருதுல்ல?"
அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு.
நாற்பது அழகான எண்.
சார்ட்டில் சரியான கட்டத்தில் போய் உட்காரும் எண்.
ஆனால் விலா இடுக்கு இன்னும் குழிகிறது.
ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறது.
கையைத் தூக்கி விட்டேன். விழுந்தது.

ஓடி ஓடிக் களைத்தவன்
உட்கார இடம் பார்க்கிறான்.

அவளிடம் விளக்க நேரமில்லை.
நான் போட்ட சத்தத்தில்
டாக்டர் மட்டுமல்ல, வார்டே எழுந்துகொண்டது.

அதன்பிறகு நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது
என் உள்ளங்கைக்குள் ஒரு ரப்பர் பை.
அழுத்து, விடு. அழுத்து, விடு.
அவனுக்காக நான் விட்ட மூச்சுகளை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
யாரும் சொல்லவில்லை.
ஐசியூவில் கட்டில் காலியாக நாலரை ஆனது.
லிஃப்டில் நாகவல்லி கேட்டாள்,
"நல்லாத்தானே தூங்குனான்?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
இன்றுவரை அந்த ஆமாம் உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் ட்யூட்டி ஏறுமுன்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.
நீர்க்குடுவை, குமிழி, மூக்குக் குழாய் எதுவும் இல்லை.
மூக்கின் ஓரம் பிளாஸ்டர் உரிந்த சிவப்பு மட்டும்.
தர்ஷித் ஒரு காலி சிரிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பழக்கதோஷம்.
ஓரடி தள்ளி நின்று, கடிகாரத்தைத் திருப்பி,
சட்டை நுனியைத் தூக்கினேன்.
எழுகிறது, ஒன்று.
எழுகிறது, இர—

வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டான்.
முதலில் உதடு பிதுங்கியது.
பிறகு மாடி அதிர ஒரே அலறல்.
காலைத் தூக்கி என் மணிக்கட்டில் ஓர் உதை.
"ஐயோ, சிஸ்டரை உதைக்காதடா" என்று
நாகவல்லி பதறுகிறாள்.

உதைக்கட்டும்.
கணக்குப் போச்சு.