நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்

ஆமர் வீதிச் சந்தியில் பஸ் இடித்தபோது
எலும்பு மட்டும்தான் முறிந்தது என்றிருந்தேன்.
மாக்கட்டுக்கு வெளியே இடக்கை
வாடிய வல்லாரைத் தண்டாக
மணிக்கட்டில் மடிந்து தொங்கியது.
மடங்கு என்றால் மடங்கும்.
நிமிர் என்றால்
வேறு யாருக்கோ சொன்னதுபோல் கிடக்கும்.

பெரியாஸ்பத்திரி வாங்கில் செவ்வாய் தோறும் மூன்று பேர்.
வெறியில் கதிரை முதுகில் கையைப் போட்டு
விடியும்வரை தூங்கிய துஷார.
அவனுடைய நரம்பு அறவில்லை, நசுங்கித் திகைத்து நின்றது.
ஆறாம் கிழமை கையை ஆட்டிக்கொண்டு வந்தான்,
எங்களுக்குக் கட்லட் பொதியோடு.
பிறகு வரவேயில்லை.

டாம் வீதிக் கண்ணாடிக் கடை மஸாஹிமுக்கு
உறையும் போய் உள்ளிழையும் போய்
இரண்டு நுனியும் ஆளுக்கொரு பக்கம் சுருங்கிவிட்டன.
கெண்டைக்காலில் எடுத்த நரம்பால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.
தன் சின்னவிரலை இன்னும்
"அது" என்றுதான் சொல்கிறான்.

நான் இடையில்.
"இழை செத்துவிட்டது, குழாய் இருக்கிறது,
அதற்குள்ளால் திரும்ப வளரும்" என்றார் ஷெரின் மிஸ்.
என்ன வேகம் மிஸ்?
"நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்."
பத்து வருஷம் மீற்றர் போட்டு ஓடினவனிடம்!

முறிந்த இடத்திலிருந்து முழங்கைக்குக் கீழே தசைவரை
நூற்றிருபது.
இடையில் இறங்க முடியாத ஹயர்.

மணிக்கட்டிலிருந்து விரலால் தட்டித் தட்டி மேலே வருவார்.
ஓரிடத்தில் புறங்கை வரைக்கும் சுளீர் என்று ஓடும்.
அங்கே பேனையால் ஒரு கோடு.
என் வண்டி இன்றைக்கு அந்த இடத்தில் நிற்கிறது.
கத்தினால் மகிழ்கிற ஒரே மிஸ்.
குளித்தால் கோடு அழியும்.
ரெஜினா தன் புருவப் பென்சிலால் திரும்ப இழுத்துவிடுவாள்,
சிலவேளை ஒரு விரற்கடை தள்ளி,
வேண்டுமென்றே.

ஓட்டோவை ரபாய்தீன் ஓட்டுகிறான்.
இரவில் கொண்டுவந்து விடும்போது
கிளட்ச் தீய்ந்த வாசம். கேட்கமாட்டேன்.
என் இடக்கை பிடிக்கவேண்டிய கிளட்ச் அது.

நூறு தாண்டியது. நூற்றிருபதும் தாண்டியது.
ஒன்றுமில்லை.
கணக்கு மிஸ்ஸுடையது, கை என்னுடையது.

நூற்று நாற்பத்தோராம் நாள்,
மருதானை பஸ் தரிப்பிடத்தில் மழை.
வலக்கையில் குடையும் எக்ஸ்ரே உறையும்.
பஸ் வந்தது. பழக்கத்தில் இடக்கையை நீட்டினேன்.
மணிக்கட்டு
ஒரு நெல்மணி உயரம் எழும்பி
விழுந்தது.

பஸ் நிற்கவில்லை.
சேறடித்துப் போனது.
நான் திரும்பவும் நீட்டினேன்,
ஒரு வாகனமும் இல்லாத வீதிக்கு.