கணக்கு உதைக்கிறது

ஞாயிறு இரவு, டர்பன்.
மின்வெட்டு முடிந்து ஜெனரேட்டர் அடங்கியதும்
மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்
வட்டுகளை ஒவ்வொன்றாய்க் கூட்டிப்பார்க்க விட்டேன்.

வட்டு சொன்னது: வாங்கியதைத்தான் தந்தேன்.
கம்பி சொன்னது: ஏறியது, இறங்கியது, அவ்வளவே.
கன்ட்ரோலர் பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் பேசாமலிருந்தது.
யாரும் பொய் சொல்லவில்லை.
ஆனாலும் மூன்று பத்துக்கு
ஒரு கூட்டுத்தொகை உதைத்தது.

எங்கோ ஒரு பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.
யாரோ ஒரு சிபுசிசோவின் இடது நுரையீரலில்
இல்லாத வெள்ளைப் புள்ளி.
விடிந்தால் டாக்டர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்த எண்ணைப் பொருளோடு போடாதே,
வேறிடத்தில் எழுதிவை.
எடுக்கும்போது திரும்ப அள.
என் சம்பளம் இதற்குத்தான்.
மாற்றுப் பிரதியை எடுத்துப் புள்ளியை அழித்தேன்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

பதிவேட்டில் கையெழுத்து: பிரகலாதன் கோவெந்தர்.
மதராஸில் கப்பலேறும்போது கவுண்டர்.
இங்கே இறங்கும்போது ஒரு குமாஸ்தாவின் காது,
அவன் பேனா, அல்லது அன்றைய வெயில்,
எதிலோ புரண்டது.
ஏறிய முனையில் யாரும் கூட்டி வைக்கவில்லை.
இறங்கிய முனையில் ஒத்துப்பார்க்க எண் இல்லை.
மாற்றுப் பிரதியும் இல்லை.

பிழை பெயராகி, வீட்டுப் பத்திரமாகி,
என் மகளின் பள்ளிச் சட்டைக் காலரில் நீல நூலாகி
இப்போது கூட்டினால்
சரியாக வருகிறது.

ஊழியர் கோப்பில் ஞாயிறுதோறும்
அதையும் சேர்த்தே சரிபார்க்கிறேன்.
ஓரெழுத்து மாறினாலும் விடமாட்டேன்.