முள் காவல்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அடியில்
இன்றிரவு என் வேலை
எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது.

குழியிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது
மஞ்சள் குழாயின் வாய்.
வாய்க்கு ஒரு மூடி.
மூடிமேல் ஒரு வட்டம், கடிகாரம் மாதிரி.
இது ஓடினால்தான் கோளாறு.
ஆறில் நிற்க வேண்டும் முள்.
இரவு பத்திலிருந்து நாளை இரவு பத்துவரை
ஆறு.

உள்ளே இன்னும் கேஸ் வரவில்லை.
இந்தத் தெருவின் காற்றுதான்.
சாயங்காலம் கம்ப்ரஸர் வைத்து
பஸ் புகை, பேக்கரி வாசனை,
யாரோ கடை மூடும்போது ஏற்றிய ஊதுபத்தி
எல்லாவற்றையும் அள்ளித் திணித்தோம்.
தார் ரோட்டுக்குக் கீழே
ஆயிரத்து எண்ணூறு மீட்டர் நீளத்துக்கு
மூச்சுப் பிடித்துக் கிடக்கிறது.

முதல் கட்டம் போன வருஷமே முடிந்தது.
லிஃப்ட் வைத்த வீடுகள்.
இது இரண்டாம் கட்டம்.
வரைபடத்தில் ஹென்னூர்வரை சிவப்புக் கோடு,
அப்புறம் வடக்கே
புள்ளி புள்ளியாய்ப் போய்க் கரைகிறது.
புள்ளிகளுக்கு இன்னும் டெண்டர் விடவில்லையாம்.

பத்து மணி: 6.0
பதினொன்று: 6.0
பன்னிரண்டு: 6.0
ஒரு நாய் வந்து குழாயை முகர்ந்தது,
காலைத் தூக்கப் பார்த்தது, விரட்டினேன்.
அதற்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.
ஒன்று: 6.0

மூன்றரைக்கு ரெஜினாமேரி வந்தாள்,
மொபெட்டில் முழங்கால்களுக்கு நடுவே
சிலிண்டரை இடுக்கிக்கொண்டு.
தூணுக்கு அந்தப் பக்கம் அவளுடைய இட்லி வண்டி.
"என்னண்ணா, புள்ள தூங்குதா?"
தூங்குது என்றேன்.
"என் வண்டிக்கும் ஒரு லைன் இழுத்து விடுங்களேன்."
நிக்கிற சுவருக்குத்தாம்மா மீட்டர் மாட்டுவாங்க,
உன் வண்டி நகருமே.
"போலீஸ் வந்தாத்தானே நகரும்?
வரலேன்னா நானும் சுவர்தான்."

நான்கு மணிக்கு டார்ச் அடித்தேன்.
5.9.

கண்ணாடியைச் சட்டையால் துடைத்தேன்.
விரலால் தட்டினேன்.
5.9.

மக்கில் சோப்புத் தண்ணீர், பழைய பெயிண்ட் பிரஷ்.
குழிக்குள் இறங்கி ஒவ்வொரு இணைப்பாய்ப் பூசினேன்,
பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.
மேலே நின்று செல்போன் வெளிச்சம் பிடித்தாள் அவள்.
"ஊதுதா?"
பிரஷ் கிளப்பிய குமிழிகள்தான்,
ஒவ்வொன்றாய்த் தானே உடைந்தன.
புதிதாய் ஒன்றும் முளைக்கவில்லை.
"அப்ப காத்து எங்கதான் போச்சு?"

கேட்டபோது அவள் வாயிலிருந்து புகை வந்தது.
எனக்கும் வந்தது.
டிசம்பர்.
காற்றும் குளிருக்குக் குறுகிப் படுக்கும்
என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.
அதை அளக்கிற தெர்மாமீட்டர்
போன சைட்டிலேயே உடைந்தது.

பேனாவைத் திறந்து, மூடி, திறந்து
5.9 என்று எழுதினேன்.

எட்டு மணிக்குத் தூண்களுக்கு இடையே நுழைந்து
குழாயின் வாயில் விழுந்தது வெயில்.
முள் ஆறுக்குத் திரும்பியிருந்தது,
ராத்திரி எங்கேயும் போகாத பிள்ளைபோல.

சசிதர் சார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படித்தார்.
"ஏனப்பா இது, நாலு மணி?"
குளிர் சார்.
"குளிருக்கு விளக்கம் எழுதி
ஆடிட்டருக்கு யார் அனுப்பறது?
புதுத் தாள் எடு. நேரா எழுதிடு."

புதுத் தாள் எடுத்தேன்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
ஒன்று, இரண்டு, மூன்று.
என் கையெழுத்து இவ்வளவு அழகாய் இருந்ததில்லை.
நான்குக்கு நேரே வந்ததும்
கை தானாகவே 5.9 போட்டது.
பக்கத்தில் 'குளிர்' என்றும் எழுதியது.

அவர் ஒன்றும் பேசவில்லை.
கையெழுத்தும் போடவில்லை.
இட்லி வாங்கப் போனார்.

அங்கே அடுப்பில் நீலம் சிறுத்துக்கொண்டிருந்தது.
ரெஜினாமேரி சிலிண்டரை ஒரு பக்கம் சாய்த்து
கீழே செங்கல் முட்டுக்கொடுத்து
"இருங்க சார், இன்னும் ஒரு ஈடு வெந்துடும்" என்றாள்.

எனக்கு இன்னும் பதினான்கு மணி நேரம்.