கயிற்றை விடும் நேரம்

பிப்ரவரி. சாவா ஆற்றின் மேல் மூடுபனி.
கிரான் ஊருக்கு வெளியே, முன்பு பால் சேகரித்த கொட்டகையில்
கோராஸ்ட் மூன்றாம் முறையாக ஸ்விட்சைப் போடுகிறான்.
ஒரு சாண் நீளத்துக்கு ஊதா மயிரொன்று
உச்சி வளையத்திலிருந்து கிளம்பி
கூச்சப்பட்டு உள்ளே போய்விடுகிறது.

மூடிப்போன பேக்கரியின் நியான் பலகையில் கழற்றிய டிரான்ஸ்பார்மர்.
இருபத்துநான்கு பியர் பாட்டில்கள்,
கழுத்துவரை பிரான் உப்பளத்து உப்பு கரைத்த தண்ணீர்,
மேலே சுற்றிய அலுமினியத் தாள்: அதுதான் கெபாசிட்டர்.
கொசுவர்த்திபோல் படுத்திருக்கும் செப்புக் குழாய்.
அதன் நடுவே, எதையும் தொடாமல்,
சாம்பல்நிற வடிகால் குழாய்.
குழாய்மேல் நூல்போன்ற கம்பி, ஆயிரத்து நூறு சுற்று.
எழுநூற்றுச் சொச்சத்தில் போன் அடித்தது.
ஆகவே ஆயிரத்து நூறு என்பது ஒரு நம்பிக்கை.

'இன்னும் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும்.'

யெர்னேயா பதில் சொல்லவில்லை.
ஞாயிறுதோறும் கோபுரத்தில் மணி ஆட்டுபவள்.
மணி எண்ணூறு கிலோ. அவள் ஐம்பத்திரண்டு.
முதல் இழுப்புக்கு வெண்கலம் கண்கூடத் திறக்காது.
இரண்டாவதுக்கு ஒரு விரற்கடை.
இருபதாவதில் கோபுரமே முனகும்.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்.
நகரும்தான்.
அடிக்கும் அடிக்கும் நடுவே கை என்ன செய்தது என்று
பழமொழி சொல்வதில்லை.

விட வேண்டும்.
விடாதவனை மணி உத்தரம்வரை தூக்கிக்கொண்டு போகும்.
ஒரு பையன் முன்பல்லோடு படித்த பாடம் அது.

இங்கேயும் அதுவே.
பாட்டில்கள் நிரம்புகின்றன.
இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே இருக்கும் காற்று
பொறுத்துப் பொறுத்துப் பார்த்து
படாரென்று வழிவிடுகிறது.
கொசுவர்த்திக்குள் மின்சாரம் ஓடுகிறது, திரும்புகிறது, ஓடுகிறது,
வினாடிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் முறை என்ற கணக்கில்.
தள்ளி நிற்கும் நெடுங்குழாய்க்கும்
பிறவித் தாளம் அதுவே என்பதால்
ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.
வாங்கி, வாங்கி, எல்லாம் மேலேறிய கணத்தில்
குமிழ்களின் நெருப்பு அவிய வேண்டும்.
அவியாவிட்டால்
போனதெல்லாம் போன வழியே இறங்கிவரும்,
மனம் மாறிய கடன்காரன் மாதிரி.
அதற்காகத்தான் அங்கே ஒரு பழைய ஹேர் டிரையர்
இடைவிடாமல் ஊதிக்கொண்டிருக்கிறது.

'மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். கீழும் மேலும் ஒரே தாளம்.
இம்மியும் பிசகில்லை.'

'அதுதான் பிசகு.'

மீட்டர் வைத்தபோது பொறி இல்லை.
பொறி பிறந்த பிறகு அதுவும் அந்தக் குழாயின் உறுப்பு.
அது நீள நீள, மேலே கனம் கூடுகிறது,
தாளம் சற்றே தாழ்கிறது.
கீழே உள்ளதோ அது தெரியாமல்
பழைய கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறது.
அவர்கள் விதைக்கு அளவெடுத்திருந்தார்கள்,
செடிக்கு அல்ல.

பிளக்கைப் பிடுங்கினாள்.
நீளக் கழியில் கட்டிய கம்பியால் பாட்டில்களைத் தொட்டு
மிச்சம் மீதியைச் சாகடித்தாள்.
பிறகே கைநீட்டி, கவ்வியைக் கழற்றி
செப்புச் சுருளில் அரைச் சுற்று வெளியே தள்ளிப் பூட்டினாள்.
இன்னும் வராத ஒன்றுக்கு இடம் ஒதுக்குவதுபோல.

கோராஸ்ட் ஸ்விட்சைப் போட்டான்.

இரண்டு முழம்.
இரண்டு முழத்துக்கு, வேரைத் தலைகீழாய்ப் பிடுங்கியதுபோல்,
கிளைத்து, அறைந்து, உத்தரத்து ஆணியைத் தேடித் தடவும் ஊதா.
சுவரில் சாய்த்திருந்த பழைய டியூப்லைட்
ஒயரே இல்லாமல் எரிந்தது.
மூக்கில் எரிச்சலாய் ஓசோன்.
கோராஸ்ட் கத்தியது யெர்னேயாவுக்குக் கேட்கவில்லை.
அவள் உள்ளங்கைகள் மட்டும் விரிந்திருந்தன,
கயிற்றை இப்போதுதான் விட்டதுபோல.

பக்கத்து வீட்டுப் பொட்லோகாரின் கராஜ் கதவு
தானாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.
வீட்டுச் செருப்போடு பனியில் நடந்துவந்து
கொட்டகைக் கதவைத் தள்ளினார்:
'யார் என் கதவைத் தட்டுவது?'

அவர் உள்ளே ஓரடி வைத்ததும்
பொறி ஒரு விரற்கடை குட்டையானது.
அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.