சும்மா என்றொரு படகு

வாரம் ஐந்து நாள்
மின்தூக்கிகளோடு மேலும் கீழும் போகிறவன் நான்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பக்கவாட்டில் போக ஒரு படகு.
பதினாறடி. கண்ணாடியிழை. மூன்று கை மாறியது.
பின்புறம் யாரோ எங்கோ இடித்த தழும்பு.

படுக்கவைத்த பாய்மரம்
டிரெய்லருக்கு வெளியே இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்.
நுனியில் சிவப்புத் துணி,
ரூபாவதியின் பழைய துப்பட்டா.
ஜாலான் கெப்போங் சிவப்பு விளக்கில்
பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி
கடலுக்கா என்று மலாயில் கேட்பார்.
இல்லை, அடுத்த வளைவில் இருக்கும் ஏரிக்கு.
கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

படகுக்குப் பெயர் வேண்டும் என்றார்கள்.
ரூபாவதிதான் சொன்னாள்: சும்மா.
படிவத்தில் ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.
காவலர் ஹம்சானி அதை மலாயாக வாசித்தார்.
அந்த மொழியில் அது ‘மட்டும்’.
மட்டும் என்றால், மட்டும் என்ன?
மீதியை எழுத மறந்துவிட்டீர்களா?

ஏரியைச் சுற்றிவர, காற்று மனம்வைத்தால், நாற்பது நிமிடம்.
மனம்வைக்காவிட்டால் ஒரு பிற்பகல்.

இதற்குத்தான்
நடுப்பலகையைத் தூக்க
கழற்றிப்போட்ட மின்தூக்கியின் கம்பிவடம் பூட்டினேன்.
செந்தூலில் பதினெட்டு மாடி பார்த்த வடம்
இப்போது மூன்றடி இறங்கி மூன்றடி ஏறுகிறது,
பணி ஓய்வு பெற்றவர் காலை நடை போவதுபோல.
கூரைக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடையின்
போன வருடத்துத் தீபாவளிப் பதாகை.
அடியில் படுத்து அண்ணாந்தால்
ஐம்பது விழுக்காடு கழிவு என்று
வெயில் இடவலம் மாற்றி எழுதும்.
‘மிச்ச ஐம்பதத்தான் ரெசினுக்குக் குடுத்தாச்சே’
என்பாள் ரூபாவதி.
அவளிடம் ஒரு நோட்டு உண்டு.
படகின் விலை முதல் பக்கத்தில் ஒரே வரி.
மற்ற நாற்பத்தொரு பக்கமும்
அதை நான் திருத்திய கணக்கு.

ஆனால் தண்ணீர்.
ஞாயிறு தவறாமல், எங்கிருந்தோ ஒரு குவளை,
அடியில் ஊறிக் கிடக்கும்.
பாதியாய் வெட்டிய மைலோ டின்னால்
அவள் மொண்டு ஊற்றுவாள்.
நான் எல்லா இணைப்பிலும் சிலிக்கன் பூசினேன்.
ஒருநாள் நள்ளிரவு, வண்டி நிறுத்துமிடத்தில்
படகைக் கவிழ்த்து, உள்ளே விளக்கேற்றி,
ஒளி கசியும் புள்ளியைத் தேடி
குந்திக் குந்திச் சுற்றிவந்தேன்.
பெரிய பப்பாளிபோல முழுப் படகும் மங்கலாக ஒளிர்ந்தது.
துளை மட்டும் இல்லை.

போன வாரம் நடு ஏரியில் காற்று செத்தது.
கரையில் பட்டம் விட்டவர்கள் நூலைச் சுருட்டினார்கள்.
பாய் கொடியில் மறந்த துணியாகத் தொங்கியது.
பத்துமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.
செய்ய ஒன்றுமில்லாமல் அவள் டின்னை எடுத்தாள்,
குனிந்தாள், விரலை வைத்தபடியே நின்றுவிட்டாள்.

‘தொட்டுப் பாருங்க.’
‘தண்ணிதானே?’
‘சில்லுன்னு இருக்கு.’

மூன்று மணி வெயிலில்
கோலாலம்பூரின் எந்த ஏரி சில்லென்றிருக்கும்?

ஏழு மாதத்துக்கு முன்பு நான் பொருத்திய பனிப்பெட்டி.
அதன் அடியில் நானே துளையிட்ட வடிகால்.
வெளியே போயிருக்க வேண்டிய குழாய்
பலகைக்கடியில், படகுக்குள்ளேயே முடிந்திருந்தது.
படகு ஒருநாளும் ஒழுகவில்லை.

அவள் சிரித்த சிரிப்பில்
படகு கொஞ்சம் நகர்ந்தது.
காற்று செத்த பிறகு நாங்கள் போன தூரம் அவ்வளவுதான்.

கணக்கெழுதும் பேனாவின் மூடியைப் பிடுங்கி
வடிகாலில் செருகினாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதினாள்:
மூடி ஒன்று. செலவில்லை.
மழை வந்து அந்த வரியை
வாசிக்க முடியாமல் செய்தது.

திரும்பும்போது அதே சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் பார்த்தேன்,
டிரெய்லரிலிருந்து சாலையில் சொட்டிக்கொண்டே இருந்தது.
மழைத் தண்ணீர்தான், என்றேன்.
அவள் கதவில் கைவைத்தாள்.
‘இறங்கித் தொட்டுப் பாத்துட்டு வரட்டா?’