அலை ஓய்ந்த சனிக்கிழமை

ஒன்பதுக்குக் கிளம்புவதாகத்தான் பேச்சு.
ஓஸ்மோ காப்பி பிளாஸ்க்கை
வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததில்
பத்தேமுக்கால் ஆனது.
ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.
அக்டோபரில் இப்படியொரு வெயில் வாய்த்தால்
மணி பார்ப்பது மரியாதையில்லை.

கொர்ப்போ துறையில் ஒரு படகும் இல்லை.
கோடைக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு
ஹெல்சின்கிக்குப் போய்விட்டார்கள்.
ஐஸ்கிரீம் கடைப் பலகையில்
விலைகளை மழை பாதி தின்றிருந்தது.
நாலு கயாக்கும் வழுக்குப் பாறையில் சறுக்கித்
தண்ணீரில் இறங்கிய சத்தம்
தூங்கும் வீட்டில் யாரோ
நீளமாக ‘உஷ்’ என்றது போலிருந்தது.

உப்புக் குறைந்த கடல் இது.
துடுப்பு சொட்டி உதட்டில் விழுந்தால்
நோயாளிக்குக் காய்ச்சிய கஞ்சி.
ஏற்றம் வற்றம் கிடையாது,
நிலவு கூப்பிட்டாலும் எழுந்திருக்காத சோம்பேறி.
எங்களுக்கு ஏற்ற கடல்.

கலங்கரை விளக்கம் வரை போவது ஹென்ரிக்காவின் திட்டம்.
வரைபடத்தை உறையில் போட்டு
முன்னால் கட்டியிருந்தாள்.
மூன்றாவது தீவை ஒட்டிப் போகையில்
மஞ்சள் இலை ஒன்று வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.
சரியாகக் கலங்கரை விளக்கத்தின் மேல் என்றால்
கதைக்கு நன்றாயிருக்கும்.
இல்லை. இரண்டு விரற்கடை இந்தப் பக்கம்,
வெறும் நீலத்தில்.
அங்கே நிஜமாகவே ஒரு பாறை இருந்தது.
வரைபடத்தில் இல்லாத,
பன்றி முதுகு போன்ற, வெயில் குடித்த பாறை.
அதற்கு அப்பால் நாங்கள் போகவில்லை.

ரை ரொட்டி, புகைபோட்ட மீன்,
சிர்க்கா சுட்டுவந்த ஏலக்காய் பன்
(ஒரு பக்கம் கருகல்; அந்தப் பக்கத்தைத் தனக்கே வைத்துக்கொண்டாள்).
ஓஸ்மோ வாயைத் திறந்தபடி தூங்கினான்.
அவன் தொப்பியில் ஒரு சிலந்தி
அவசரமில்லாமல் ஊர் சுற்றியது.
“வங்கி வேலையை விடப்போகிறேன்,
எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும்” என்றாள் சிர்க்கா.
போன இலையுதிர் காலத்திலும்
இதே வாக்கியம், வேறொரு பாறையில்.
நான் மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் காற்று நின்றது.
அப்படி நின்று நான் பார்த்ததில்லை.
தீவுகள் தலைகீழாகவும் இருந்தன,
மரம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது
தெரியாத அளவுக்கு.
துடுப்புகளைக் குறுக்கே போட்டு
நாலு கயாக்கையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டோம்.
தலைக்கு மேலே வாத்துக் கூட்டம்
தெற்கே போனது, சண்டை போட்டபடியே.
அவை போன பிறகும் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“அலை ஓய்ந்தால்தான் தலைமுழுகுவேன் என்பவர்கள்
இப்போது முன்னால் வரலாம்.
தண்ணீர் எட்டு டிகிரி” என்றான் ஓஸ்மோ,
சும்மா, சோம்பலாக,
யாரையும் பார்க்காமல்.

ஓரத்தில் இருந்தவள் சிர்க்கா.
கம்பளித் தொப்பியைக் கழற்றி
என் மடியில் வைத்தாள்.
“பிடித்துக்கொள்” என்றாள்.
மிதவைச் சட்டையின் வாரை எட்டிப் பிடித்தேன்.
பக்கவாட்டில் சாய்ந்து
காது, கன்னம், நரைத்த பின்னல்,
எல்லாம் உள்ளே.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
தலைகீழ்த் தீவுகள் நொறுங்கிச் சிதறின.

எழுந்தவள் போட்ட கூச்சலில்
வெள்ளைவால் கழுகு ஒன்று மரத்தைவிட்டுக் கிளம்பியது.
பிறகு அவள் சிரித்தாள், பற்கள் கிட்டிக்க.
“முடிந்தது” என்றாள்.
எதை என்று ஹென்ரிக்கா கேட்க வாயெடுத்தாள்;
ஓஸ்மோ துடுப்பால் அவள் படகைத் தட்டினான்.

கரையில் கார் ஹீட்டரை முழுசாகத் திருகினோம்.
ஈரத் தலையிலிருந்து கிளம்பிய ஆவியில்
கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போயின.
சாலை தெரியும் வரை
நகரமுடியாமல் உட்கார்ந்திருந்தோம்,
கடைசி பன்னை நாலாய்ப் பிய்த்து,
இந்தத் தடவை
கருகிய துண்டு யாருக்கு என்று
சண்டை போட்டபடியே.