பொன் மூடி, ஊதா மூடி

ஏஜாக்சில் இன்று மைனஸ் பதினெட்டு.
கதவு திறக்கும்போதெல்லாம்
காத்திருப்போர் கால்களில்
குளிர் வந்து குந்திக்கொள்கிறது.
இலக்கம் அறுபத்திரண்டு:
லக்சிகா, வயது பதினேழு.
கையில் பெரிய பேப்பர் கப்.
கோப்பி இல்லை, ஐஸ் கட்டி,
வெறும் ஐஸ் கட்டி.
கறுமுறு என்று கடித்தபடியே
கதிரையில் ஏறுகிறாள்.

தாய் மூச்சு விடாமல் சொன்னாள்:
"எந்நேரமும் நித்திரை, மிஸ்.
ஓட்டத்தையும் விட்டிட்டாள்.
போன வருசமும் ரத்தம் பார்த்தது,
ஹீமோகுளோபின் நோர்மல் எண்டவை.
இரும்பு பிடிச்ச கை சும்மா இராது எண்டுவினம்.
இவளின்ர கைக்கு
போன் பிடிக்கவும் பஞ்சி."

படிவத்தின் கடைசி வரியில்
புது டாக்டர் ஒருவர்
கையால் கிறுக்கியிருந்தார்: பெரிட்டின்.
கடைத் தட்டில் சாமான் இருக்கிறதா என்றல்ல,
கிட்டங்கியில் மிச்சம் எவ்வளவு
என்று கேட்கிற சொல்.

நரம்பு ஒளித்துக்கொண்டது.
"தண்ணி குடிச்சனீரோ?"
"ஐஸ் சாப்பிட்டன்."
தன் பகிடிக்குத் தானே சிரிக்கவும்
அவளிடம் தெம்பில்லை.

முதலில் பொன் மூடிக் குழாய்.
இரும்பைத் தேடுவதற்குப் பொன்!
பிறகு ஊதா.
இரண்டும் சிவந்து நிறைந்தன.
பார்த்தால்
ஒரு குறையும் சொல்ல முடியாத சிவப்பு.

எனக்கு அது அரிசி.
பத்தொன்பது வயது,
மில்ட்டன் பொதிக்கூடத்தில் இரவு வேலை,
ஜாக்கெட் பொக்கற்றுக்குள் பச்சையரிசி.
கலியாணத்தண்டு மழை பெய்யும் என்று
அறைத்தோழி சிரித்தாள்.
பெய்தது.
அதற்கும் நாலு வருசம் கழித்துத்தான்
ஒருவர் என் ரத்தத்தைக் கேட்டார்.
அதுவரை நானும்
பஞ்சி பிடித்தவள்தான்.

ஊசி ஏற்றுகிறவள்
நோயின் பெயர் சொல்லக் கூடாது. சட்டம்.
பஞ்சை வைத்து அழுத்தியபடி
இவ்வளவுதான் சொன்னேன்:
"இந்த ஐஸ் கதையையும்
டாக்டரிட்டச் சொல்லும்."
"ஐசோ? அது சும்மா ஒரு பழக்கம்," என்றாள் தாய்.
மகள் அப்போதுதான்
முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
கடிப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

எட்டு ஐம்பத்திரண்டு.
லேபலில் நேரம் எழுதினேன்.
ஆறோ அறுபதோ,
முடிவு என் மேசைக்கு வராது.
நான் அனுப்பிய குழாய்களில்
ஒன்றுகூட எனக்குப் பதில் எழுதியதில்லை.

மடித்த கையோடு வாசல்வரை போனவள்
குப்பைத் தொட்டியடியில் நின்றாள்.
கப்பைப் பார்த்தாள்.
இன்னுமொரு கட்டியை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டு
வெளியே, பனிக்குள்.

அறுபத்துமூன்று.